மேடை நாட்டியமா, மரத்துப் பறவையா: முதல் டிஎஸ்எல்ஆர் எதற்காக?

பெயர் வெளியே வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். வயது நாற்பதை ஒட்டி, அலுவலக வேலை. இதுவரை போனில் மட்டுமே படம் எடுத்தவர். மகளுக்கு 12 வயது, நடனம் கற்கிறாள், அவ்வப்போது மேடை ஏறுகிறாள். அந்தப் படங்களில் கை கால் கலங்கியிருக்கும், இல்லாவிட்டால் முகம் வெளுத்துப்போயிருக்கும். வீட்டுக்கு எதிரே உள்ள மரத்துக்குக் காலையில் வரும் பறவைகளையும் எடுக்க ஆசை. டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் மாற்றக்கூடிய, பிம்பத்தைக் கண்ணுக்குத் திருப்பும் கண்ணாடி உள்ளே இருக்கும் கேமரா) வாங்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் சேர்த்துவிட்டார்.

கடைக்காரர் கேனன் 1500டி கேமராவை 18-55, 55-250 மிமீ என்று இரண்டு லென்ஸ் (எண் பெரிதானால் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்), பை, ஸ்டாண்டு, ஃபில்டர் எல்லாம் சேர்த்து ஒரே செட்டாகத் தருகிறார். சேர்த்த பணம் அதற்குச் சரியாக இருக்கும். கல்யாணப் படமெடுப்பவரான கணவரின் நண்பர், தன்னுடைய பழைய நிக்கான் டி700 கேமராவையும் 85 மிமீ எஃப்/1.8டி லென்ஸையும் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். "அது வெறும் 12 மெகாபிக்சல் சார், என் போனே 50" என்பது வாசகியின் தயக்கம். நடுவில், டிஎஸ்எல்ஆர் செத்துவிட்டது, வாங்கினால் அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்தான் வாங்க வேண்டும் என்று பார்க்கிற வீடியோவெல்லாம் சொல்கிறதாம். "எதை வாங்கினால் இரண்டு வருடம் கழித்து வருத்தப்பட மாட்டேன்?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணங்கள் பின்னால். நண்பரிடமிருந்து லென்ஸை மட்டும் வாங்குங்கள், கேமராவை விட்டுவிடுங்கள். கடைக்காரரின் செட்டுக்கு வைத்திருக்கும் பணத்தில் நல்ல நிலையில் உள்ள பழைய நிக்கான் டி7200 ஒன்றைத் தேடுங்கள். பறவையை இந்த வருடம் கொஞ்சம் தள்ளிவையுங்கள். மேடையும் பறவையும் புதிதாகப் படமெடுப்பவருக்கு மிகக் கடினமான இரண்டு விஷயங்கள், இரண்டும் எதிர் எதிர் திசையில் இழுக்கும். மேடைக்கு வெளிச்சத்தை அள்ளும் லென்ஸ் வேண்டும், பறவைக்கு எட்டிப் பிடிக்கும் லென்ஸ் வேண்டும். இரண்டும் சேர்ந்த லென்ஸ் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அதன் விலைக்கும் எடைக்கும் முதல் கேமரா வாங்குபவரை நான் அனுப்ப மாட்டேன். பறவை அடுத்த வருடமும் அந்த மரத்துக்கு வரும். உங்கள் மகளுக்கு 12 வயது இந்த வருடம் மட்டும்தான்.

படம் ஏன் கலங்குகிறது

உங்கள் கடிதம் முழுக்கக் கேமராக்களின் பெயர் இருந்தாலும், நீங்கள் சொல்லும் தொல்லை எல்லாம் வெளிச்சத்தைப் பற்றியது. மேடை விளக்கு கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும், கேமராவுக்கு அது போதாது. போதாத வெளிச்சத்தைச் சேர்க்க ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்துக்குள் உங்கள் மகள் ஒரு சுற்று சுற்றியே விடுகிறாள்.

செட்டில் வரும் இரண்டு லென்ஸையும் கடைசி வரை ஜூம் செய்தால், முதலாவதில் 55 மிமீ ஆனாலும் இரண்டாவதில் 250 ஆனாலும், முழுதாகத் திறந்தால் கிடைப்பது எஃப்/5.6. நண்பரின் லென்ஸ் எஃப்/1.8. இந்த எண் சிறிதாகச் சிறிதாக லென்ஸின் வாய் பெரிதாகும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கக் கணக்கில் பார்த்தால் எஃப்/1.8 ஏறத்தாழ 10 மடங்கு அதிக வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. அதாவது செட் லென்ஸில் 1/30 நொடி தேவைப்படும் இடத்தில் இதில் சுமார் 1/300 நொடி போதும். நடனத்துக்கு 1/250க்குக் கீழே போனால் கை விரல்கள் கலையும், வேகமான சுழற்சிக்கு 1/500 இருந்தால் நிம்மதி. கேமரா பாடியை மாற்றி இந்த 10 மடங்கைப் பிடிக்க முடியாது. லென்ஸை மாற்றித்தான் பிடிக்க முடியும்.

"லென்ஸில் ஸ்டெபிலைசர் இருக்கிறது, அதனால் கலங்காது" என்று கடைக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் பொய் சொல்லவில்லை, பாதிதான் சொல்லியிருக்கிறார். ஸ்டெபிலைசர் சமாளிப்பது உங்கள் கை நடுக்கத்தை. ஆடுகிறவரின் அசைவை அதனால் நிறுத்த முடியாது. 1/30 நொடியில் மேடைத் திரையும் தூணும் கூர்மையாக வரும், நடுவில் உங்கள் மகள் மட்டும் புகையாக இருப்பாள்.

முகம் வெளுப்பது வேறு சிக்கல். பின்னால் கருப்புத் திரை, நடுவில் சிறிய உருவம். கேமரா மொத்தக் காட்சியையும் சராசரி பார்த்து, 'அடடா, ரொம்ப இருட்டு' என்று நினைத்துக்கொண்டு வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. கருப்புத் திரை சாம்பலாகிறது, முகம் சுண்ணாம்பாகிறது. இதற்கு எந்தக் கேமராவும் மருந்தில்லை. மேனுவல் மோடில் எஃப்/2.2, 1/320, ஐஎஸ்ஓ (கிடைத்த வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு பெருக்கிக் காட்டுகிறது என்ற எண்) 1600 என்று ஆரம்பித்து, முதல் பாட்டிலேயே நாலு படம் எடுத்துத் திரையில் முகத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெளுத்திருந்தால் ஐஎஸ்ஓவைக் குறையுங்கள், இருண்டிருந்தால் 3200 வரை ஏற்றுங்கள். ரா ஃபைலில் (கேமரா தானாகத் திருத்தாமல் வைக்கும் மூல ஃபைல்) எடுத்தால் கொஞ்சம் தப்பினாலும் பிறகு மீட்கலாம். ஆட்டோவை நம்பினால் விளக்கு மாறும்போதெல்லாம் முகம் மாறும்.

12 பெரிதா, 50 பெரிதா

மெகாபிக்சல் என்பது படத்தை எத்தனை துண்டாக வெட்டுகிறது என்ற கணக்கு. எவ்வளவு வெளிச்சம் சேர்ந்தது என்று அது சொல்லாது. டி700இல் வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சென்சார் 36க்கு 24 மில்லிமீட்டர், பரப்பு 864 சதுர மில்லிமீட்டர். போன்களில் மிகப் பெரியவற்றுள் சேரும் 'ஒரு இன்ச்' சென்சாரே சுமார் 116தான், பெரும்பாலான போன்களில் அதைவிடக் குறைவு. போதாததற்கு, 50 மெகாபிக்சல் போன்கள் பொதுவாக நாலு புள்ளியை ஒன்றாகச் சேர்த்து 12 சொச்சம் மெகாபிக்சல் படத்தைத்தான் தருகின்றன. உங்கள் கேலரியில் ஒரு படத்தின் விவரத்தைத் திறந்து பாருங்கள், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

12 மெகாபிக்சலை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சடித்தால் 14க்கு 9 அங்குலப் படம் வரும். 4கே டிவியில் இருப்பதே சுமார் 83 லட்சம் புள்ளிதான். ஆகவே அந்த எண்ணுக்காக டி700ஐ ஒதுக்க வேண்டியதில்லை. வெட்டிப் பெரிதாக்க வேண்டிய படங்களில் மட்டும் மெகாபிக்சல் நிஜமாகவே உதவும். பறவைப் படம் அந்த ரகம்.

பிறகு ஏன் டி700 வேண்டாம்?

2008இல் வந்தபோது அது ஆசைப்பட வைத்த கேமரா. அதன் 51 புள்ளி ஃபோகஸ் இன்றும் மேடைக்குச் சளைக்காது. ஆனால் பாடி மட்டுமே ஏறக்குறைய ஒரு கிலோ. வீடியோ எடுக்கவே எடுக்காது. எஸ்டி கார்டு ஏறாது, பழைய சிஎஃப் கார்டு தேட வேண்டும். கல்யாண வேலையில் ஓடிய கேமரா என்பதால் ஷட்டர் எத்தனை லட்சம் அடித்திருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும், அது சோதிக்கப்பட்டது 1,50,000 முறைக்கு. அப்புறம் பறவை. 10 மீட்டர் தூரத்தில் 15 சென்டிமீட்டர் பறவையை 300 மிமீ லென்ஸால் எடுத்தால் டி700 படத்தில் அதன் நீளம் 530 புள்ளி அளவுதான். அதே லென்ஸை 24 மெகாபிக்சல் டி7200இல் மாட்டினால் 1,150 புள்ளி. ஃபுல் பிரேம், அதாவது டி700இல் இருப்பது போன்ற பெரிய சென்சார், என்றால் எல்லாவற்றுக்கும் மேல் என்ற நினைப்பு இங்கே உடைகிறது. எட்டாத பொருளுக்குச் சின்ன சென்சாரில் நெருக்கி வைத்த புள்ளிகளே லாபம்.

டி7200 வந்தது 2015இல். எஸ்டி கார்டுக்கு இரண்டு இடம், முழு எச்டி வீடியோ, 51 ஃபோகஸ் புள்ளி, இருட்டில் டி700ஐ நெருங்கும் தரம். நான் குறிப்பாக இதைச் சொல்ல இன்னொரு காரணம் உண்டு. நண்பரின் 85 எஃப்/1.8டி லென்ஸுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, கேமராவுக்குள் இருக்கும் மோட்டார்தான் அதைத் திருக வேண்டும். நிக்கானின் டி3500, டி5600 போன்ற ஆரம்பநிலை பாடிகளில் அந்த மோட்டார் இல்லை. யாராவது "டி3500 லேசாக இருக்கும், அதை வாங்குங்கள்" என்றால், இந்த லென்ஸோடு நீங்கள் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டிவரும். 7000 வரிசையில் மோட்டார் உண்டு. லென்ஸில் அபர்ச்சரை, அதாவது வாயின் அளவை, மாற்றும் வளையம் ஒன்று இருக்கும், அதை 16இல் வைத்துப் பூட்டிவிடுங்கள். பூட்டாவிட்டால் கேமரா 'எஃப்-ஈ-ஈ' என்று காட்டிப் படமெடுக்க மறுக்கும். கேமரா கெட்டுப்போனது என்று பயந்து நிறைய பேர் சர்வீஸுக்கு ஓடுகிறார்கள்.

எங்கே உட்காருவீர்கள் என்பதும் முக்கியம். டி7200ஐ நிமிர்த்திப் பிடித்து 85 மிமீயில் எடுத்தால், 10 மீட்டர் தூரத்தில் சுமார் 2.75 மீட்டர் உயரம் பிரேமுக்குள் வரும். தூக்கிய கை முதல் பாதம் வரை அழகாக அடங்கும். 6 மீட்டரில் உட்கார்ந்தால் பாதம் வெட்டுப்படும். முன்வரிசைதான் கிடைக்கும் என்றால் 85ஐ விட 50 மிமீ எஃப்/1.8 உங்களுக்குப் பொருந்தும், அது விலையிலும் மலிவு. அடுத்த ஒத்திகைக்குப் போகும்போது நாற்காலியிலிருந்து மேடை எத்தனை அடி என்று நடந்து பார்த்துவிடுங்கள்.

டி700ஐ வாங்க வேண்டாம் என்றேனே தவிர, தொட வேண்டாம் என்று சொல்லவில்லை. லென்ஸோடு சேர்த்து ஒரு ஒத்திகைக்கு இரவல் கேளுங்கள். ஒரு மாலை நேரம் எடுத்துப் பார்த்தால் நான் இங்கே எழுதியதில் பாதி உங்களுக்கே புரிந்துவிடும். எடை பரவாயில்லை, வீடியோவுக்குப் போன் போதும், பறவையே வேண்டாம் என்று அதன்பின் தோன்றினால், சரி, அதையே வாங்கிக்கொள்ளுங்கள். அது தப்பான முடிவு ஆகாது.

டிஎஸ்எல்ஆர் செத்துவிட்டதா

புதிதாகப் பிறப்பது நின்றுவிட்டது என்பது உண்மை. கேனனும் நிக்கானும் 2018இல் ஆர்எஃப், இசட் என்ற மிரர்லெஸ் வரிசைகளை ஆரம்பித்தன. 2020இல் வந்த கேனன் 1டி எக்ஸ் மார்க் 3, நிக்கான் டி6 ஆகியவற்றுக்குப் பிறகு உச்ச வரிசையில் அவை டிஎஸ்எல்ஆர் எதையும் கொண்டுவரவில்லை, புது லென்ஸ்களும் மிரர்லெஸுக்குத்தான் வருகின்றன. அதனாலேயே பழைய டிஎஸ்எல்ஆர்கள் சந்தையில் குவிந்து கிடக்கின்றன. வாங்குபவருக்கு இதில் கெட்ட செய்தி ஏதும் இல்லை.

மிரர்லெஸுக்கு மேடையில் நிஜமான அனுகூலம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். முகத்தையும் கண்ணையும் தானே தேடிப் பிடிக்கும். முகம் வெளுக்கப்போகிறது என்பது எடுப்பதற்கு முன்பே வியூஃபைண்டரில் தெரியும். சத்தமில்லாமல் எடுக்கலாம், சில எல்இடி விளக்குகளின் கீழே அந்தச் சத்தமில்லா ஷட்டரில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு விழும் என்றாலும். உங்கள் பணத்துக்கு மிரர்லெஸ் பாடியும் எஃப்/1.8 லென்ஸும் சேர்ந்து கிடைத்தால் அதையே வாங்கச் சொல்லியிருப்பேன். கிடைக்கப்போவது பாடியும், அதோடு சேர்ந்து வரும், வெளிச்சம் குறைவாக விடும் ஒரு கிட் லென்ஸும். அப்போது புதுக் கேமராவில் பழைய கலங்கல் படம்தான்.

ஒரு எச்சரிக்கை. பின்னாளில் நிக்கான் மிரர்லெஸுக்கு மாறினால், பழைய லென்ஸை மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டர் வழியாக இந்த 85டி லென்ஸ் மாட்டும், ஆனால் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது. கேனனில் இந்தத் தொல்லை இல்லை, அதன் டிஎஸ்எல்ஆருக்கான ஆட்டோஃபோகஸ் ஈஎஃப் லென்ஸ்கள் எல்லாவற்றுக்கும் மோட்டார் உள்ளேயே இருப்பதால் ஆர்எஃப் பாடியிலும் அடாப்டரோடு ஃபோகஸ் ஆகும். வீடியோவும் உங்களுக்கு முக்கியம், மிரர்லெஸுக்குச் சீக்கிரம் மாறப்போகிறேன் என்றால், நண்பரின் லென்ஸை விட்டுவிட்டு 2016இல் வந்த பழைய கேனன் 80டியும் ஈஎஃப் 85 எஃப்/1.8 லென்ஸும் தேடலாம். வீடியோ எடுக்கும்போது அதன் ஃபோகஸ் டி7200ஐ விட நன்றாக ஓடும். உங்கள் கடிதத்தில் வீடியோ பற்றி ஒரு வரிதான் இருந்தது, அதனால் இதை முதலில் சொல்லவில்லை.

பழையது வாங்கும்போது

கேமராவில் ஒரு படம் எடுத்து அந்த ஃபைலைக் கேளுங்கள். நிக்கான் படத்தின் தகவலுக்குள்ளேயே ஷட்டர் எண்ணிக்கை பதிந்திருக்கும். டி7200க்கும் அளவுகோல் 1,50,000 தான், 50,000க்குள் இருந்தால் யோசிக்காமல் அடுத்த சோதனைக்குப் போகலாம். வெள்ளைச் சுவரை எஃப்/16இல் எடுங்கள், சென்சாரில் தூசி இருந்தால் கரும்புள்ளியாகத் தெரியும். தூசி என்றால் துடைத்துவிடலாம், கீறல் என்றால் விட்டுவிடுங்கள். மூடி போட்டு 10 நொடி எடுத்துப் பார்த்தால் எரிந்துகொண்டே இருக்கும் புள்ளிகள் தெரியும்.

லென்ஸைத்தான் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். பின்பக்கமிருந்து டார்ச் அடித்துச் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் அது பூஞ்சை, எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். அபர்ச்சர் இதழ்களில் எண்ணெய் பளபளப்பு இருந்தால் அதுவும் வேண்டாம். எஃப்/1.8இல் சாய்வாக வைத்த செய்தித்தாளின் ஒரு வரிக்கு ஃபோகஸ் செய்து, அந்த வரிதான் கூர்மையாக வந்திருக்கிறதா, முன்னே பின்னே போயிருக்கிறதா என்று பாருங்கள். கொஞ்சம் தள்ளியிருந்தால் டி7200 மெனுவிலேயே திருத்திக்கொள்ள வழி இருக்கிறது.

தெரிந்தவரிடம் வாங்குவதில் இன்னொரு சங்கடம் உண்டு, குறை தெரிந்தாலும் சொல்ல வாய் வராது. "ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் தருகிறேன் அண்ணா" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். கடையில் வாங்கினால் சீரியல் எண் போட்ட ரசீதும், எத்தனை நாளுக்குள் திருப்பலாம் என்பதும் எழுத்தில் வேண்டும். கம்பெனி உத்தரவாதமா, கடையின் சொந்த உத்தரவாதமா என்று கேளுங்கள். வேறு நாட்டுச் சந்தைக்கு வந்த சரக்கு என்றால் உள்ளூர் சர்வீஸ் மையம் கைவிரித்துவிடலாம். கூடவே வாங்க வேண்டியவை இன்னொரு பேட்டரியும் இரண்டு கார்டும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லும்தான். லென்ஸின் முன்னால் ஃபில்டர் மாட்டியிருந்தால் மேடையில் கழற்றியே வையுங்கள், எதிரே இருக்கும் விளக்குகள் அதில் பட்டுப் படத்தில் பேய் மாதிரி மிதக்கும்.

அரங்கத்தில்

ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். கேமராவில் இருக்கும் சின்ன ஃபிளாஷ் பத்தாவது வரிசையிலிருந்து மேடைக்கு ஒழுங்காக எட்டாது, எட்டினாலும் மேடை விளக்கின் நிறத்தை அழித்துவிடும், ஆடுகிறவரின் கண்ணைக் கூசவைக்கும். ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். கேட்டுவிட்டால் பெரும்பாலும் ஓரமாக நல்ல இடமே கொடுப்பார்கள். குழு நடனத்தில் மற்றக் குழந்தைகளும் படத்தில் இருப்பார்கள். அவற்றைப் பொதுவில் போடுமுன் அந்தப் பெற்றோரிடம் கேட்பது அவசியம். பல நாடுகளில் குழந்தைகளின் படம் தொடர்பாகச் சட்டமே இருக்கிறது, சட்டம் இல்லாத இடத்திலும் கேட்காமல் போட்டுவிட்டு மனஸ்தாபம் ஆவது உண்டு.

பறவைக்கு

தள்ளிவையுங்கள் என்றது பெரிய லென்ஸ் வாங்குவதை மட்டும்தான். 300 மிமீ வாங்கும் வரை பறவையைப் பக்கத்தில் வரவழைக்கலாம். ஜன்னலிலிருந்து 4 மீட்டர் தள்ளி ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள், பக்கத்தில் உட்காரக் குச்சி ஒன்று. தினமும் தண்ணீரை மாற்றுங்கள், ஜன்னலுக்குப் பின்னால் அசையாமல் இருங்கள். 4 மீட்டரில் அதே 15 சென்டிமீட்டர் பறவை இந்த 85 மிமீ லென்ஸிலேயே 800 புள்ளிக்கு மேல் வரும், டி700 வைத்து 10 மீட்டரில் 300 மிமீ போட்டதை விட அதிகம். அதிகாலை மங்கலான வெளிச்சத்தில் எஃப்/1.8 கையில் இருப்பதும் நல்லதுதான். அப்படி ஆறு மாதம் எடுத்த பிறகும் மரத்து உச்சியில் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும் என்று தோன்றினால், அப்போது பழைய 70-300 விஆர் (ஸ்டெபிலைசர் உள்ள நிக்கான் லென்ஸ்) ஒன்றைத் தேடுவோம். வாங்குமுன் மறுபடி எழுதுங்கள்.